மயில்தோகை கம்பெனி சைக்கிள் கமிட்டி

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் அவன் அரைகுறை ஆசாமி. சக்கரத்தை உருட்டிவிட்டுப் போய்விட்டான். சக்கரம் உருளுகிற நேரத்தில் அதன்மேல் உட்கார்ந்திருப்பவனுடைய கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற முக்கியமான கேள்வியை அவன் கேட்கவே இல்லை. அவனுக்குப் பின்னால் வந்த கிரேக்கர்கள் கேட்கவில்லை, ரோமாபுரிக்காரர்கள் கேட்கவில்லை, இப்போது நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்களும் கேட்கவில்லை. மனித குலத்தின் சார்பில் அதை முதன்முதலில் கேட்ட பெருமை திருப்பூர் மயில்தோகை பனியன் கம்பெனியைச் சேரும். நான் அங்கே மானேஜர். கேள்வி கேட்கப்பட்டபோது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

எங்கள் முதலாளி சென்னியப்பன் அவர்கள் பேச்சைக் குறைத்துச் செயலைப் பெருக்கியவர். மேடையில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பேசுவார். அது ஆயுத பூஜையன்று. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து முடிந்ததும் எழுந்து, "எல்லாரும் நல்லா இருக்கோணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். ஆனால் அந்த வருஷம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஒருவர் பூஜைக்கு வந்திருந்தார். பொரியை வாங்கிக்கொண்டவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உங்க ஆளுங்க ரொம்பப் பேர் தொலைவிலிருந்து நடந்தே வர்றாங்களாமே" என்று கேட்டுவிட்டார்.

வேறு முதலாளியாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். எங்கள் முதலாளி எழுந்து நின்றார்.

"இனி நடக்க மாட்டாங்க. நடந்து வர்ற அத்தனை பேருக்கும் கம்பெனி சைக்கிள் குடுக்கும்."

கைதட்டலில் பொரி பறந்தது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் வேலுமணி. பின்னல் மெஷின் ஓட்டுகிறவன். ஊர் மங்கலம். ஆறு மைல். காலை பஸ் மங்கலத்துக்கு வரும்போதே படிக்கட்டு வரை ஆள் தொங்கும். அதனால் நடைதான். எங்கள் கம்பெனியில் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவோம். சங்குக்குப் பின்னால் மூன்றாம் முறை வருகிறவனுடைய மெஷின் வேறொருவன் கைக்குப் போய்விடும். அது கம்பெனியின் 'ஒழுக்க விதி'. வேலுமணி ஏற்கெனவே இரண்டு முறை பிந்தியிருந்தான். மெஷின்காரன் என்றால் மங்கலத்தில் ஒரு மரியாதை. மெஷின் போனவன் என்றால் மூட்டை தூக்குகிறவன். அவனுக்கும் மூட்டைக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தாமதம்.

ஆகவே அவன் கைதட்டினான்.

சைக்கிள் கொடுப்பதென்று அறிவித்தால் கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நினைப்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. கமிட்டி அமைத்தோம். தலைவர் முதலாளி. செயலாளர் நான். தொழில்நுட்ப உறுப்பினர் முதலாளியின் மாப்பிள்ளை ஞானசம்பந்தம். இவர் கோயம்புத்தூரில் நடந்த 'உற்பத்தித் திறன்' முகாமுக்குப் போய், கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்சோடு திரும்பியவர். அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்ப்பார். மாமியார் இட்லி எடுத்து வைப்பதற்குக்கூட நேரம் குறித்து, அவரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதாகக் கேள்வி.

தொழிலாளர் பிரதிநிதியாக ஒருவர் வேண்டும் என்பதால் செக்கிங் பகுதி மருதம்மாளைப் போட்டோம். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால் பாரபட்சம் இல்லாமல் பேசுவார் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு.

முதல் கூட்டத்தில் மாப்பிள்ளை தன் ஆராய்ச்சியை வெளியிட்டார். மங்கலம் ரோட்டில் ஒரு இறக்கம் உண்டு. அதன் ஓரத்தில் புளிய மரத்தடியில் நின்று, சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களை அவர் கவனித்திருக்கிறார்.

"மாமா, நம்ம ஊர்ல ஓடற சைக்கிள் அத்தனையும் பிரீவீலுங்க."

"அப்படின்னா?"

"மிதிக்கறதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். கால் மட்டும் அப்படியே நிக்கும். டிக்டிக்டிக்னு ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பீங்க."

"சைக்கிள் நல்லா ஓடற சத்தம்னு நெனச்சேன்."

"இல்லீங்க மாமா. அது ஆள் சும்மா இருக்கற சத்தம்."

முதலாளியின் காப்பி தம்ளர் பாதி வழியில் நின்றது. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேளாமல் இருந்துவிட்டோமே என்ற துயரம் அவர் முகத்தில் தெரிந்தது.

அவருடைய துயரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பனியன் துணியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பின்னல் மெஷின் நிற்காமல் சுற்றினால்தான் துணி துணியாக வரும். நடுவில் நின்று மறுபடி ஓடினால், நின்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். வெளுத்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. கோடு விழுந்த பனியனைக் கல்கத்தா வியாபாரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளி தொழில் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கோட்டோடு சண்டை போட்டு வருகிறார். உலகத்தில் நடக்கும் கெட்ட காரியங்களுக்கெல்லாம் காரணம் எங்கேயோ எதுவோ நடுவில் நின்றதுதான் என்பது அவர் சித்தாந்தம்.

"அப்ப, வர்ற வழியெல்லாம் நின்னு நின்னு வர்ற கால்ல கோடு உழுந்திருக்குமே மாப்பிள்ளை" என்றார் அவர்.

மருதம்மாள் கையைத் தூக்கினார். "ஏனுங் மொதலாளி, கோடு துணியிலதானுங்க உழுகும். கால்லயும் உழுகுமுங்களா?"

"கால்ல உழுகற கோடு கண்ணுக்குத் தெரியாது மருதம்மா. வேலையில தெரியும்."

இதற்கு மாற்று என்ன என்று கமிட்டி கேட்டது. மாப்பிள்ளை கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டு விளக்கினார். 'பிக்சட் வீல்' என்று ஒன்று இருக்கிறது. அதில் பெடலும் பின்சக்கரமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். சக்கரம் ஓடுகிற வரைக்கும் பெடல் ஓடும். பெடல் ஓடுகிற வரைக்கும் கால் ஓடும். கால் நினைத்தாலும் நிற்க முடியாது.

"எறக்கத்துலயுமுங்களா?" என்றார் மருதம்மாள்.

"எறக்கத்துலதான் ரொம்ப நல்லாச் சுத்தும்."

"ஏத்தத்துல மிதிச்சு நொந்து போனவன் எறக்கத்துல சித்த காலை ஆத்திக்கக் கூடாதுங்களா?"

"அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமை உட்டிருக்குதே" என்றார் முதலாளி.

'தொழிலாளரின் கால் நலன் கருதி' பிக்சட் வீலே சிறந்தது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. மருதம்மாள் ஒப்பவில்லை. ஆனாலும் ஒருமனதுதான். கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும் என்பதால் பிரேக் வீண் செலவு என்பது துணைத் தீர்மானம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வேலுமணி படிக்கட்டில் நின்றிருந்தான்.

"ஆச்சுங்களா மானேஜரய்யா?"

"கொள்கை முடிவாயிருச்சு."

"சைக்கிளுங்க?"

"கொள்கைக்குப் பின்னாலதான் சைக்கிள் வரும். உனக்கு எந்த வீல் பிடிக்கும் வேலுமணி?"

"எதுனாலும் சரிங்க. ரெண்டு இருந்தாப் போதுமுங்க."

மருதம்மாள் அவன் தோளில் தட்டிக்கொண்டு இறங்கினார். "நீ காலைப் பத்தரமா வெச்சுக்க கண்ணு. அதைப் பத்தித்தான் உள்ளார பேச்சு."

அடுத்து ஒரு நிபுணரின் கருத்து தேவைப்பட்டது. பிக்சட் வீலில் பழக்கமுள்ளவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். கந்தப்பன். சந்தைப்பேட்டை மைதானத்தில் கம்பம் நட்டு, ரேடியோ செட்டு கட்டி, கீழே இறங்காமல் வாரக் கணக்கில் சைக்கிள் ஓட்டுவாரே, அவர். சைக்கிளிலேயே குளிப்பார், சைக்கிளிலேயே சவரம் செய்துகொள்வார், பின்பக்கமாகவும் ஓட்டுவார். கமிட்டி அவரைச் சகல மரியாதைகளுடன் அழைத்து நாற்காலி போட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தும் கால் இரண்டும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தன. முதலாளி அதைப் பார்த்து உருகிப்போனார்.

"நீங்க சொல்லுங்க. இந்த வீல் தெனமும் வேலைக்குப் போய்வர ஆகுமா?"

கந்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல வண்டிங்க. கால் நிக்கவே நிக்காது."

"போக்குவரத்துக்கு எப்படி?"

"அது தெரியாதுங்க. நான் எங்கயும் போனதில்லீங்க."

"போனதில்லையா? வருஷமெல்லாம் ஓட்டறீங்களே?"

"கம்பத்தைச் சுத்தித்தானுங்க. போகோணும்னா பஸ்ல போயிருவனுங்க."

மாப்பிள்ளை இதையும் குறித்துக்கொண்டார். 'எங்கும் போகாமலே மிதிக்க முடியும்' என்று அவர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

சைக்கிள்கள் வந்து சேர்ந்தன. பட்டறையில் கொடுத்துப் பிரீவீலைக் கழற்றி, பல்சக்கரத்தை அப்படியே பற்றவைத்து வாங்கினோம். பிரேக்குகளையும் கழற்றியாயிற்று. தொடக்க விழாவுக்கு நாள் பார்த்தோம். முதல் சைக்கிளை முதலாளியே ஓட்டித் தொடங்கி வைப்பது என்று ஏற்பாடு.

கம்பெனி மைதானத்தில் ஆட்கள் வட்டமாக நின்றார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சைக்கிள் புறப்பட்டது. அவர் இளமையில் நன்றாகச் சைக்கிள் ஓட்டியவர். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் ஓட்டியது பிரீவீல். நிறுத்த நினைத்தபோது பழக்கப்படி காலை நிறுத்தினார். பெடல் அந்தக் காலை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு மேலே போனது. இன்னொரு காலையும் நிறுத்திப் பார்த்தார். அதையும் தூக்கிக்கொண்டு போனது.

முதல் சுற்றில் நான் மாலை போட்டேன். இரண்டாம் சுற்றில் எல்லோரும் கைதட்டினோம். மூன்றாம் சுற்றில் "மானேஜரய்யா" என்றார். அடுத்த சுற்றில் "புடிங்க" என்றார். பேச்சுச் சுருக்கம்தான் அவருடைய சிறப்பென்று சொன்னேனே.

"புடிங்கறாருங்க" என்றார் மருதம்மாள்.

"எதை?" என்றேன்.

"அவரைத்தானுங்க, வேற எதை?"

அதற்குள் சைக்கிள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்குள் புகுந்தது. பனியன் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள். மெத்தை மாதிரி இருக்கும். தலையிலும் தோளிலும் வெள்ளை நாடாக்கள் தொங்க முதலாளி எழுந்து வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு ஒளி இருந்தது.

"பாத்தீங்களா, ஒரு நிமிஷங்கூட கால் நிக்கலை" என்றார்.

நாங்கள் மறுபடியும் கைதட்டினோம். வேலுமணி அந்தச் சந்தடியில் ஒரு சைக்கிளை மெல்லத் தள்ளிப் பார்த்தான். ஏறிப் பார்த்தான். காலோடு சண்டை போடாமல் பெடலின் போக்கிலேயே விட்டு, மெதுவாக அமுக்கி நிறுத்தினான். இறங்கும்போது அவன் பல் தெரிந்தது.

"பொழுதோட எடுத்துக்கிட்டுப் போகட்டுங்களா?"

"இன்னைக்கு நாள் தொடங்கத்தான் நல்லது, குடுக்க இல்ல. திங்கட்கெழமை எடுத்துக்க" என்றார் முதலாளி. அவர் தேதி விஷயத்தில் கண்டிப்பானவர்.

திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை வந்தது. அந்த வருஷம் மழை கைவிட்டு, அணைகளில் தண்ணீர் இல்லாமல், சர்க்கார் 'மின்வெட்டு' என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சனிக்கிழமை ஒரே பகலில் மெஷின்கள் நின்று நின்று ஓடியதில், துணி முழுக்கக் கோடு கோடாக வரிக்குதிரை மாதிரி வந்தது. முதலாளி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை.

மெஷின்களைக் கையால் சுற்றச் சொன்னோம். அந்தக் காலத்தில் கைப்பிடி வைத்துச் சுற்றிய மெஷின்கள்தான் அவை. ஆனால் சுற்றுகிற ஆள் இடையில் நெற்றியைத் துடைத்தான், பீடி பற்றவைத்தான், பக்கத்து ஆளிடம் ஊர் நடப்பு கேட்டான். ஒவ்வொரு பீடிக்கும் ஒரு கோடு.

அப்போதுதான் மாப்பிள்ளை ஓடி வந்தார். ஸ்டாப் வாட்ச் கழுத்தில் குதித்தது.

"மாமா, சைக்கிள்."

"இப்ப எங்க போகோணும்?"

"எங்கயும் போக வேண்டாமுங்க."

அவர் விளக்கினார். சைக்கிளைத் தரையில் நிறுத்தி இறுக்குவது. பின்சக்கரத்து டயரைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து மெஷினுக்கு ஒரு பெல்ட் போடுவது. ஆள் மிதித்தால் மெஷின் சுற்றும். மெஷினில் கனமான சக்கரம் ஒன்று இருப்பதால், ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால், மிதிப்பவன் ஓய்ந்தாலும் மெஷின் அவன் காலை விடாமல் இழுத்துக்கொண்டு போகும்.

"பிரீவீலா இருந்தா காலை நிறுத்திக்குவாங்க மாமா. இதுல முடியாது."

கமிட்டி எடுத்த முடிவின் தீர்க்கதரிசனத்தை நான் கமிட்டி நோட்டில் எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார்.

திங்கட்கிழமை, வேலை முடிந்து வாங்கிக்கொள்ளப்போகும் சைக்கிளைத் துடைக்க வேலுமணி ஒரு புதுத் துண்டு கொண்டு வந்திருந்தான். காலையில் உள்ளே வந்தவன், தன் மெஷினுக்குப் பக்கத்தில் சைக்கிள் நிற்பதைப் பார்த்தான். ஸ்டாண்டைச் சுற்றிச் சிமெண்ட், பின்சக்கரத்திலிருந்து மெஷினுக்கு ஒரு பெல்ட்.

"இது எனக்குச் சொன்ன வண்டிங்களா?"

"உனக்கேதான். இனி ஒருத்தன் தொட முடியாது. சிமெண்ட் போட்டிருக்குதே" என்றார் முதலாளி.

"இதை ஆருங்க மிதிக்கறது?"

"உன் வண்டியை வேற ஒருத்தன் மிதிக்க உடலாமா? அது முறையில்ல. நீதான் மிதிக்கோணும்."

"அப்ப மெஷினுங்க?"

"கரண்ட் வர்ற வரைக்கும் அய்யாசாமி பாத்துக்குவான். தற்காலிகமா."

அய்யாசாமி கேட்டுக்கு எதிர்ச் சந்தில் குடியிருப்பவன். சைக்கிள் தேவைப்படாதவன். நடந்து வருகிறவர்களுக்கென்று அறிவித்த சைக்கிள்களை நடந்து வருகிறவர்கள்தானே மிதிக்க முடியும்? நிர்வாகம் சொன்ன சொல் தவறவில்லை.

வேலுமணி ஏறி உட்கார்ந்தான். மெஷின் சுற்றியது. துணி கோடில்லாமல் கொட்டியது. அந்த வெள்ளைத் துணியை முதலாளி கையில் ஏந்திப் பார்த்த காட்சியை ஒரு ஓவியர் வரைந்திருக்கலாம். வேலுமணியின் கால்களை நான் கவனித்தேன். மத்தியானத்துக்கு மேல் அவன் மிதிக்கவில்லை, கால்கள்தான் போய்க்கொண்டிருந்தன.

மருதம்மாள் மடித்த துணியோடு அந்தப் பக்கம் வந்தார். "எவ்வளவு தூரம் வந்திருக்கற கண்ணு?"

"மங்கலம் தாண்டி எங்கயோ வந்துட்டனுங்க்கா."

"பொறவு எறங்கிக்க வேண்டியதுதான?"

"எறங்குனா ஊடு இங்கிருந்து ஆறு மைலுங்க்கா."

சாயங்காலம் அவன் புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மங்கலத்துக்கு நடந்தான். மறுநாள் காலை அந்தக் கால்கள் அவன் சொன்ன வேகத்துக்கு வரவில்லை. சங்கு ஊதி, கேட் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்து அவன் கம்பிக்கு வெளியே வந்து நின்றான். மூன்றாம் முறை.

விசாரணை நடந்தது. நான் எழுதிக்கொண்டேன்.

"சைக்கிள் குடுத்த பொறவும் லேட்டா?" என்றார் முதலாளி. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"நடந்து வந்தனுங்க."

"ஏன்?"

தொழிலாளர் பிரதிநிதி என்ற முறையில் மருதம்மாள் பதில் சொன்னார். "வண்டி சிமெண்ட்டுல இருக்குதுங்களே மொதலாளி. பேத்து எடுத்துக்கிட்டா போவான்?"

"கம்பெனி சொத்தைப் பேக்கறதா? அந்தப் பேச்சே வேண்டாம்."

விதி விதிதான். மெஷின் அய்யாசாமிக்கு நிரந்தரமாயிற்று. ஆனால் எங்கள் முதலாளி கல்நெஞ்சர் அல்ல. மூட்டை தூக்க அனுப்பவில்லை. "சைக்கிள் அவன் பேருக்குத்தான் அறிவிச்சது. அதை நான் புடுங்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து வேலுமணி 'சைக்கிள் பிரிவு' ஆள். அப்படி ஒரு பிரிவு இந்தியாவில் வேறு எந்தப் பனியன் கம்பெனியிலும் இல்லை. அதற்குச் சம்பளம் மெஷின்காரனைவிடக் குறைவு என்பதும் வேறு எங்கும் இல்லாத சிறப்பு.

அடுத்த வருஷம் மழை பெய்தது. அணை நிறைந்தது. கரண்ட் தங்குதடையில்லாமல் வந்தது. மாப்பிள்ளை ஸ்டாப் வாட்சைப் பிடித்துக் கணக்குப் போட்டு, கரண்டைவிடக் கால் மலிவு என்று நிரூபித்தார். சைக்கிள்கள் அப்படியே இருந்தன.

செய்தி கோயம்புத்தூர் வரைக்கும் எட்டி, உற்பத்தித் திறன் முகாம்காரர்கள் ஒரு குழுவாக வந்து பார்த்தார்கள். தொழிலாளிக்குச் சைக்கிள் வழங்கிய நிறுவனம் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். மாலை, போட்டோ, போண்டா எல்லாம் ஆயிற்று. குழுத் தலைவர் வேலுமணியைத் தட்டிக்கொடுத்து, "சைக்கிள் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். அவன் மிதித்துக்கொண்டே, "நல்லா இருக்குதுங்க. பஞ்சரே ஆகறதில்லீங்க" என்றான். தலைவருக்கு ரொம்பத் திருப்தி.

விழா முடிந்து முதலாளி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். மங்கலம் ரோட்டில் அவருடைய புது வீடு. கேடயம் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. இறக்கம் வந்ததும் டிரைவர் பழக்கப்படி இன்ஜினை அணைத்தார். பெட்ரோல் மிச்சம். கார் சத்தமில்லாமல் தானாக உருண்டது. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, முன் ஸீட்டுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டார்.

ரோட்டோரத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலுமணி நடந்துகொண்டிருந்தான். கார் வரும் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். அவன் புழுதிக்குள் இறங்கி வழிவிட்டு, முதலாளியைக் கண்டதும் கும்பிட்டான்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். அவன் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாத்தீங்களா மானேஜரய்யா" என்றார். "சைக்கிள் குடுத்தும் நடந்துதான் போறான். இந்தச் சனத்துக்கு நல்லது பண்ணி என்ன பிரயோசனம்?"